மணியாச்சித் துப்பாக்கி: வரலாற்றிலும் திரையிலும்

நமது வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தபோது, திருவள்ளூர் வட்டாரத்துக் கோயில்களைப் பற்றியோ ஏரிகளைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவன் என் பேரன்.

சென்ற விடுதலை நாளன்று அவன் பள்ளியில் மாறுவேடப் போட்டி நடந்தது. அவனுக்கு வாஞ்சிநாதன் வேடம். கட்டுக்குடுமி, பஞ்சகச்சம், நெற்றியில் சந்தனம் எல்லாம் பொருந்திவிட்டன. கையில் மட்டும் தீபாவளிக்கு வாங்கிய சுருள்கேப் துப்பாக்கி. புறப்படும் வேளையில் அவன் கேட்டான்:

"தாத்தா, வாஞ்சி எத்தனை பேரைச் சுட்டாரு?"

"இரண்டு பேரை" என்றேன்.

"ஆஷ் துரை ஒருத்தரு. இன்னொருத்தரு யாரு? டிவியில ஒருத்தரைத்தானே காட்டுனாங்க?"

பள்ளி வண்டி வந்துவிட்டதால் அப்போது விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையைத் தேடிப் புறப்பட்டதன் பயனே இக்கட்டுரை. ஒரு சிறு கைத்துப்பாக்கி எங்கே பிறந்தது, எப்படித் தமிழ்நாட்டு ரயில் நிலையம் ஒன்றுக்கு வந்தது, பின்னர் நம் திரைகளில் என்ன ஆயிற்று என்பதை இங்கே ஒருவாறு தொகுத்துரைக்க முயல்கிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் கடைசல் எந்திரத்தின் முன் நின்றவன். ஆதலின் அந்தப் பொருளை முதலில் ஒரு தொழிலாளியின் கண்கொண்டே பார்க்கிறேன்.

பெல்ஜியத்தில் பிறந்த பொருள்

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் வெடித்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் கைத்துப்பாக்கி. அதற்குத் தம் பெயரைத் தந்த ஜான் மோசஸ் பிரவுனிங் ஓர் அமெரிக்கர். யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரத்தவர். துப்பாக்கிக் கொல்லர் ஒருவரின் மகன். அவர் வரைந்த திட்டத்தை எடுத்துச் செய்தது பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டாலில் இருந்த தேசிய ஆயுதத் தொழிற்சாலை. 1889இல் பெல்ஜிய ராணுவத்துக்கு மௌசர் ரைபிள் செய்வதற்கென்றே தோன்றிய அந்நிறுவனம், 1897இல் பிரவுனிங்குடன் உடன்பாடு செய்துகொண்டது. 1900ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் முதல் பிரவுனிங் கைத்துப்பாக்கி அவ்வாறு பிறந்தது.

அதற்கு முன்னர் மக்கள் அறிந்திருந்தது ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கி. ஐந்தாறு அறைகள் கொண்ட உருளை ஒன்று அதில் சுழலும். விரலின் வலிவே அதைச் சுழற்றும். பிரவுனிங்கின் துப்பாக்கியில் உருளை கிடையாது. தோட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தகரப் பெட்டி ஒன்று கைப்பிடிக்குள் செருகப்பட்டிருக்கும். குண்டை முன்னே செலுத்தும் அதே வெடிவிசை வெற்றுக்கூட்டைப் பின்னே தள்ள, மேலிருக்கும் இரும்புக் கூடு பின்வாங்கும். வெற்றுக்கூடு பக்கவாட்டில் எறியப்படும். இறுகிய சுருள்வில் கூட்டை மீண்டும் முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். சுடுபவர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை விசையை அழுத்த வேண்டும். மற்ற வேலைகளைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். அரைத்தானியங்கி என்பதன் பொருள் இதுதான்.

1900ஆம் ஆண்டு வகையின் குண்டு 7.65 மில்லிமீட்டர் விட்டமுடையது. அடுக்கில் ஏழு தோட்டாக்கள் கொள்ளும். நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. எடை முக்கால் கிலோவை எட்டாது. தட்டையாக இருப்பதால் சட்டைப்பைக்குள் உருத்தெரியாமல் கிடக்கும். என் போன்றவர்களை வியக்கவைப்பது வேறொன்று. அதன் உறுப்புகள் எந்திரத்தால், அளவுகோலுக்கு ஏற்ப, ஒன்றுபோல் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டவை. ஒரு கொல்லர் ஒரு துப்பாக்கியை அரம்போட்டு இழைத்துக்கொண்டிருந்த காலம் போய், ஒரு பட்டறை ஒரு லட்சத்தைச் செய்யும் காலம் வந்தது. சுமார் ஏழு லட்சம் பிரவுனிங்குகள் இந்த ஒரு வகையில் மட்டும் விற்றன. படைவீரனோ பிரபுவோ அல்லாத ஒருவரும் கடையில் காசு கொடுத்து வாங்கத்தக்க விலைக்கு அது வந்தது. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் 'பிரவுனிங்' என்ற சொல்லே கைத்துப்பாக்கி என்ற பொதுப்பெயராகிவிட்டது.

மலிவுக்கு ஒரு விளைவு உண்டு. 1904இல் ஹெல்சிங்கியில் பின்லாந்தின் ரஷ்ய ஆளுநர் போப்ரிகோவ் சுடப்பட்டார். 1909 அக்டோபர் 26இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானிய அரசியல் தலைவர் இட்டோ ஹிரோபுமியைக் கொரிய இளைஞர் ஆன் ஜுங்-கூன் சுட்டார். 1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டு முதல் உலகப்போர் மூண்டது. இம்மூன்றிலும் பயன்பட்டவை ஹெர்ஸ்டால் பிரவுனிங்குகளே. பேரரசுகளிடம் பீரங்கிகள் இருந்தன. அவற்றின் அதிகாரிகளை ரயில் மேடையில் நெருங்கக்கூடிய தனிமனிதனின் பைக்குள் இந்தப் பொருள் இருந்தது.

நாடகக் கொட்டகையில் ஒரு கொலை

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் மக்கள் கையிலிருந்து துப்பாக்கியை அகற்றிவிட்டது. உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். ஆகவே பிரவுனிங்குகள் மறைவழியில் வந்தன. 1909இல் லண்டன் இந்தியா ஹவுஸில் சமையல் பணி செய்த சதுர்புஜ் அமீன் என்பவர் தாயகம் திரும்பியபோது, அவருடைய பெட்டியின் இரட்டை அடித்தட்டுக்குள் இருபது பிரவுனிங்குகளைச் சாவர்க்கர் மறைத்து அனுப்பினார் என்பது பின்னர் வழக்கில் வெளிவந்தது.

அவற்றுள் ஒன்று அதே ஆண்டு டிசம்பர் 21இல் நாசிக்கில் வெடித்தது. இடம் விஜயானந்த் நாடகக் கொட்டகை. மாற்றலாகிச் செல்லும் கலெக்டர் ஜாக்சனுக்கு வழியனுப்பு விழாவாக 'சாரதா' என்ற மராத்தி நாடகம் ஏற்பாடாகியிருந்தது. பார்வையாளராக வந்த ஜாக்சனை அனந்த் கான்ஹரே என்ற இளைஞர் அங்கேயே சுட்டார். திரைப்படத்தில் துப்பாக்கி தோன்றும் கதையைத் தேடிச் செல்பவருக்கு இது திடுக்கிடவைக்கும் செய்தி. நம் நாட்டில் பிரவுனிங் ஒன்று அரங்கேறியது நாடகமேடைக்கு எதிரே, உண்மையான குண்டுடன், பார்வையாளர் வரிசையில்!

தமிழ்நாட்டுக்கு வாசல் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சு ஆட்சி. பிரிட்டிஷ் ஆயுதச் சட்டத்துக்கு அங்கே அதிகாரமில்லை. 1910இல் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி அளித்தார் என்றும், 1911 தொடக்கத்தில் அங்கு வந்து தங்கிப் பயின்றோருள் வாஞ்சி ஐயர் ஒருவர் என்றும் 1918இன் ரௌலட் குழு அறிக்கை கூறுகிறது.

மணியாச்சி, காலை மணி 10.38

செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் திருவிதாங்கூரின் புனலூர்க் காட்டிலாகாவில் சிறு உத்தியோகம் பார்த்தவர், வயது இருபத்தைந்து, மணமானவர். சுடப்பட்ட ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ் அயர்லாந்தில் பிறந்தவர், வயது முப்பத்தெட்டு, நான்கு குழந்தைகளின் தந்தை. 1908இல் தூத்துக்குடி சப் கலெக்டராக இருந்தபோது சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்குவதில் முன்னின்றவர். வ.உ.சி.க்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் நேர்ந்த கொடுந்தண்டனைக்கும், அதே ஆண்டு மார்ச் 13இல் திருநெல்வேலியில் மூண்ட எழுச்சியை அடக்கிய துப்பாக்கிச் சூட்டுக்கும் மக்கள் அவரையே பொறுப்பாக்கினர்.

அன்று காலை ஆஷ், மனைவி மேரியுடன், கொடைக்கானலில் இருந்த குழந்தைகளைக் காணப் புறப்பட்டார். திருநெல்வேலியிலிருந்து 9.30க்குக் கிளம்பிய வண்டி 10.38க்கு மணியாச்சியை அடைந்தது. தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலோடு இணைவதற்காக அது அங்கே சிறிது நேரம் நிற்க வேண்டும். முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். இருவர் பெட்டியை நெருங்கினர். ஒருவர் வாஞ்சி, மற்றவர் அவர் மைத்துனர் சங்கரகிருஷ்ணன். துப்பாக்கியைக் கண்ட ஆஷ் தம் தொப்பியை எடுத்து எறிந்தார். குண்டு மார்பில் பாய்ந்தது.

செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் அன்றாடம் வண்டியேறும் நமக்கு இந்தக் காட்சியின் அளவு தெரியும். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடிய பாதையில் வாழ்பவர்கள் நாம். மேடையில் நிற்பவருக்கும் சன்னலோரம் அமர்ந்தவருக்கும் இடையே இரண்டு முழம் இருக்குமா? அவ்வளவு அருகில், மனைவியின் கண்முன், சில நொடிகளில் நடந்து முடிந்த செயல் அது.

வாஞ்சி மேடையில் ஓடினார். நிலையக் கழிப்பறைக்குள் புகுந்தார். வாய்க்குள் குழலை வைத்துத் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். என் பேரன் கேட்ட 'இன்னொருத்தர்' இவரே. அவர் பையிலிருந்த கடிதம், ஐந்து நாள் கழித்து லண்டனில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு எதிராக மூவாயிரவர் உறுதிபூண்டிருப்பதாகச் சொன்னது. நாட்டின் விடுதலையையும் சனாதன தர்மத்தையும் ஒரே மூச்சில் பேசும் அக்கடிதத்தின் சொற்கள் இன்றளவும் விவாதத்துக்கு உரியனவாகவே இருக்கின்றன. ஆ.இரா. வேங்கடாசலபதி போன்ற ஆய்வாளர்கள் ஆஷ் குடும்பத்தார் வரை தேடிச்சென்று இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் எழுதியிருக்கிறார்கள்.

அந்த இரு குண்டுகளோடு சாவு நிற்கவில்லை. தேடுதல் வேட்டையில் தர்மராஜ ஐயர் நஞ்சுண்டு மாண்டார். வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டு மாண்டார். சென்னை உயர்நீதிமன்றத்தில் பதினால்வர்மீது வழக்கு நடந்தது. தலைமை நீதிபதி ஆர்னால்டு வொயிட், அய்லிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் விசாரித்தனர். 1912இல் வந்த தீர்ப்பில் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டும் சங்கரகிருஷ்ணனுக்கு நான்காண்டும் சிறைத்தண்டனை கிடைத்தன.

கொட்டகைத் திரையில்

இந்நிகழ்ச்சி பெருந்திரளான தமிழரின் கண்ணுக்கு வந்தது 1961ஆம் ஆண்டு தீபாவளியின்போது. ம.பொ.சி.யின் நூலை அடிப்படையாகக் கொண்டு பி.ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' அப்போது வெளிவந்தது. சிவாஜி கணேசன் வ.உ.சி.யாகவும், எஸ்.வி. சுப்பையா பாரதியாராகவும், டி.கே. சண்முகம் சிவாவாகவும், கே. பாலாஜி வாஞ்சிநாதனாகவும் நடித்தனர். வெளிவந்த காலத்தில் அது பொருள் ஈட்டித் தரவில்லை. பின்னாளில் டூரிங் கொட்டகைகளும், 1975இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியும் அதை ஊர்தோறும் கொண்டுசேர்த்தன. விடுதலை நாள் என்றால் இனிப்பு மிட்டாயும் அந்தப் படமும் என்றாயிற்று.

என் இளமையில் கீற்றுக் கொட்டகை ஒன்றில் மணல் குவித்து அமர்ந்து அதைப் பார்த்தேன். துப்பாக்கி வெடித்ததும் கொட்டகை முழுதும் கைதட்டல். நானும் தட்டினேன். அதில் இன்றும் எனக்கு வெட்கமில்லை. அடிமைப்பட்ட நாட்டின் பிள்ளைகள் ஐம்பதாண்டு கழித்துத் தட்டிய கை அது. ஆனால் அந்தக் கைதட்டலின் ஓசையில் அதற்குப் பின் வந்தவை எனக்குக் கேட்கவில்லை என்பதையும் இப்போது உணர்கிறேன். பெட்டிக்குள் அலறிய பெண்ணையோ, ஓடிவந்து கதவைத் தாழிட்டுக்கொண்ட இளைஞனின் கடைசி நிமிடத்தையோ நான் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. நான் எடுத்துச் சென்றது துப்பாக்கியை மட்டுமே. மறுநாள் தென்னைமட்டையில் ஒன்று செய்துகொண்டேன்.

வெற்றுத் தோட்டாவின் இயல்பு

திரையில் வெடிப்பது வெற்றுத் தோட்டா. அதில் மருந்து உண்டு, ஓசை உண்டு, தீப்பொறி உண்டு. குண்டு மட்டும் இல்லை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. குண்டு குழலை அடைத்துக்கொண்டு செல்வதால்தான் உள்ளே அழுத்தம் கூடி மேற்கூடு பின்வாங்குகிறது. குண்டில்லாத தோட்டாவில் புகை எளிதாக வாய்வழியே வெளியேறிவிடும், கூடு நகராது, அரைத்தானியங்கி ஒருமுறை வெடித்து ஊமையாகிவிடும். அதைத் திரைக்காக இயக்க வேண்டுமானால் குழலுக்குள் சிறு துளையிட்ட அடைப்பைப் பொருத்த வேண்டும். சுழல் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. விரல் அழுத்தினால் உருளை சுழன்றுவிடும். படமெடுப்போர் நெடுங்காலம் ரிவால்வரை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பார்வையாளருக்கோ எல்லாம் துப்பாக்கிதான்!

வெற்றுத் தோட்டாவும் விளையாட்டுப் பொருள் அன்று. 2021 அக்டோபரில் அமெரிக்காவில் 'ரஸ்ட்' என்னும் படத்தின் தளத்தில், வெறுமையானது என்று கருதப்பட்ட ரிவால்வருக்குள் உண்மைத் தோட்டா இருந்து, ஒளிப்பதிவாளர் ஹாலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார்.

நம் படங்களில் துப்பாக்கி மிகுந்தது 1960களில். 1962இல் வந்த 'டாக்டர் நோ' படத்தில் ஜேம்ஸ் பாண்டின் பெரெட்டாவைப் பிடுங்கிக்கொண்டு அவன் மேலதிகாரி வால்தர் பிபிகே ஒன்றைத் தருகிறார். அதன் அளவும் 7.65 மில்லிமீட்டர், பிரவுனிங் தம் முதல் கைத்துப்பாக்கிக்காக வகுத்த அதே தோட்டா! புரட்சியாளர் பையில் கிடந்தது அரசாங்க ஒற்றனின் கோட்டுக்குள் இடம்பெயர்ந்தது. அலை நம் கரைக்கும் வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) போன்ற படங்களால் ஜெய்சங்கர் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' ஆனார். இப்படங்களில் யாரும் தோட்டாக்களை எண்ணுவதில்லை. ஏழு கொள்ளும் அடுக்கிலிருந்து பதினேழு முறை வெடிக்கும். வில்லன் விழுவான்; அவனுக்கு வீடுண்டா, மனைவியுண்டா என்று எவரும் கேட்பதில்லை. குண்டில்லாத தோட்டா கதைக்குள்ளும் நுழைந்துவிட்டது எனலாம்.

ராமாவரத்தில் கேட்ட வெடி

திரையின் துப்பாக்கி ஒருமுறை நடிகர்களின் வீட்டுக்கே வந்தது. 1967 ஜனவரி 12ஆம் நாள் மாலை, எம்.ஜி.ஆரின் ராமாவரம் தோட்ட இல்லத்துக்கு எம்.ஆர். ராதாவும் படத்தயாரிப்பாளர் கே.கே. வாசுவும் சென்றனர். அங்கே ரிவால்வர் வெடித்தது. எம்.ஜி.ஆருக்கு இடக்காதருகே கழுத்தில் குண்டு; ராதாவுக்கும் குண்டுக் காயங்கள். எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார் என்ற குற்றச்சாட்டில் ராதாவுக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது.

கழுத்தில் கட்டுடன் இருந்த எம்.ஜி.ஆரின் படம் அடுத்த மாதத் தேர்தலில் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. அவர் மருத்துவமனையில் இருந்தவாறே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அன்று நம் திருவள்ளூரும் பரங்கிமலையும் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டமே பின்னர் அவர் பெயரைத் தாங்கி, 1997இல் பிரிந்தபோதுதான் நமக்குத் தனி மாவட்டம் கிடைத்தது.

அதே ஆண்டு வெளிவந்த 'காவல்கார'னில் அவர் தம் மாறிப்போன குரலிலேயே பேசினார். எத்தனையோ படங்களில் எத்தனையோ குண்டுகளுக்குத் தப்பிய நாயகனின் குரலை ஓர் உண்மைக் குண்டு வாழ்நாள் முழுவதற்கும் மாற்றிவிட்டது. உண்மைக் குண்டு பட்ட இடத்தில் காட்சி முடிவதில்லை என்பதைத் தமிழ் மக்கள் அவர் பேசிய ஒவ்வொரு சொல்லிலும் இருபதாண்டுகள் கேட்டார்கள்.

டெல்லியில் மூன்று குண்டுகள்

இந்த நாட்டின் வரலாற்றில் மிகக் கொடிய வேலையைச் செய்த கைத்துப்பாக்கியும் அரைத்தானியங்கிதான். 1948 ஜனவரி 30 மாலை, பிர்லா மாளிகைத் தோட்டத்தில் நாதுராம் கோட்சே காந்தியடிகளை மூன்று முறை சுட்டது இத்தாலியில் செய்த 1934ஆம் ஆண்டு வகை பெரெட்டாவால். ராணுவத்துக்கென்று செய்யப்பட்ட அந்த ஆயுதம் குவாலியரில் கைமாறி, இரண்டே நாளில் டெல்லி சென்றது. பேரரசை எதிர்த்த இளைஞர் கையில் நாம் போற்றிய அதே வகைப் பொருள், வழிபாட்டுக்கு நடந்துசென்ற எழுபத்தெட்டு வயது முதியவருக்கு எதிராகத் திரும்பியது. துப்பாக்கிக்குக் கொள்கை இல்லை. அதைச் செய்த பட்டறை யாருக்கென்று கேட்டுச் செய்வதுமில்லை.

1982இல் வந்த ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' இக்கொலையிலேயே தொடங்கி, முடிவில் மீண்டும் அதற்கே வந்து சேர்கிறது. தமிழில் இதனை ஆழ்ந்து பார்த்த படம் 2000இல் கமல்ஹாசன் எடுத்த 'ஹே ராம்'. அதன் நாயகன் சாகேத் ராம் கையில் இருப்பது ஜெர்மானிய மௌசர். அதுவும் அரைத்தானியங்கி, பிரவுனிங்கினும் சற்று மூத்தது. 1946இன் கல்கத்தாக் கலவரத்தில் மனைவியை இழந்தவன் காந்தியைக் கொல்லத் துணிகிறான். அவன் துப்பாக்கி பழைய டெல்லியில் தொலைகிறது, தேடிச் செல்கிறான், அங்கே தன் முஸ்லிம் நண்பனைக் காண்கிறான், மனம் மாறுகிறான். ஒரு துப்பாக்கி வெடிக்காமல் போவதையே கதையாக்கிய தமிழ்ப்படம் இதைப் போல் வேறொன்றை நான் அறியேன். அவன் சுடாவிட்டாலும் வேறொருவன் சுட்டுவிட்டான் என்பதே அதன் துயரம்.

நிறைவாக

பிற நாடுகளிலும் இந்தக் கதை தொடர்கிறது. ஆன் ஜுங்-கூனைப் பற்றி 2024இலும் கொரியர்கள் 'ஹார்பின்' என்ற பெரும்படம் எடுத்தனர். சரயேவோத் துப்பாக்கி வியன்னா ராணுவ அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. நம்மிடம் நிலையத்தின் பெயர் இருக்கிறது: வாஞ்சி மணியாச்சி. செங்கோட்டையில் நினைவுமண்டபம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஆஷின் கல்லறையும் இருக்கிறது. மூன்றையும் ஒருவர் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம். பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வாஞ்சியைப் போற்றக் கூடாதென்று நான் சொல்லவில்லை. தம் உயிரையும் கணக்கில் வைத்துக்கொண்டு சென்ற மனிதர் அவர். அவருடைய கணக்கைப் பாதியாக்கிக் காட்டுவதைத்தான் ஏற்க மனம் வரவில்லை. முதல் குண்டை மட்டும் காட்டினால் அது வீரசாகசம்; இரண்டாவதையும் காட்டினால்தான் அந்த இளைஞன் கொடுத்த விலை தெரியும். பெட்டிக்குள் இருந்த பெண்ணையும் காட்டினால்தான் அவன் வாங்கிய விலையும் தெரியும். பட்டறையில் ஒரு பொருளின் விலையைப் போட்டுப் பழகியவன் நான். ஹெர்ஸ்டாலில் அந்தத் துப்பாக்கிக்குப் போட்ட விலை மலிவு. மணியாச்சியில் அது மலிவாக இருக்கவில்லை.

நம் வட்டத்தில் கதை எழுதும் இளைஞர்கள் பலர் இருக்கின்றனர்; குறும்படம் எடுப்போரும் சிலர் உண்டு. உங்கள் கதையில் ஒரு துப்பாக்கி வருமானால் அதன் தோட்டாக்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள்.

பேரன் அன்று மாலை ஆறுதல் பரிசுடன் வந்தான். உட்காரவைத்து இரண்டாவது குண்டின் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அவங்க அம்மாவுக்கு யாரு போய்ச் சொன்னாங்க?" என்று கேட்டான்.

எந்தப் படமும் எனக்குள் எழுப்பாத கேள்வி அது. சுருள்கேப் துப்பாக்கி மேசைமேல் கிடந்தது. அவன் அதை எடுத்துப் பரண்மேல் வைக்கச் சொன்னான், வைத்தேன்.